ரெண்டு இன்ச்

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு ஜீப்பின் வயதைக் கேட்டால் சிரிப்பார்கள். எந்தப் பாகத்தோட வயசு என்று திருப்பிக் கேட்பார்கள். ஆர்.சி. புத்தகத்தில் 1994 என்று இருக்கும். இன்ஜின் வேறொரு வண்டியிலிருந்து இறங்கி வந்திருக்கும். கியர்பாக்ஸ் காயலான் கடையில் எடை போட்டு வாங்கியது. பாடி உள்ளூர்ப் பட்டறையில் தகரம் வெட்டி அடித்தது. முன்னால் தொங்குகிற எலுமிச்சம்பழம் மட்டும்தான் சந்தேகமில்லாமல் போன வெள்ளிக்கிழமை கட்டியது.

விடிவதற்கு முன்னால் கம்பத்திலோ தேவாரத்திலோ போடியிலோ பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறீர்களா? ஊர் தூங்கிக்கொண்டிருக்கும். ஜீப்புகள் மட்டும் முழித்துக்கொண்டு நிற்கும். தலையில் துண்டு, நைட்டிக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கையில் தூக்குவாளி, கக்கத்தில் மழைக்குப் போர்த்திக்கொள்ள பிளாஸ்டிக் கொங்காணி. இப்படிப் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஏறுவார்கள். எல்லோரும் கேரளாவின் ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள். கம்பம்மெட்டு வழியாக ஒரு கூட்டம், குமுளி வழியாக ஒரு கூட்டம், போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிக்கொண்டு இன்னொரு கூட்டம். ஏலக்காய் கிளை உச்சியில் காய்ப்பதில்லை. செடியின் காலடியில், மண்ணை ஒட்டிக் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். நாள் முழுக்கக் குனிந்தே இருந்து பறித்துவிட்டு, இருட்டின பிறகு அதே ஜீப்பில் திரும்ப வேண்டும். நம் வீட்டுப் பாயசத்தில் மிதக்கிற ரெண்டு காய்க்குப் பின்னால் இப்படி ஒரு முதுகு இருக்கிறது.

என் சித்தப்பா முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய அப்படி ஒரு டிரிப் ஜீப் ஓட்டினார். மகிந்திரா. முட்டி தேய்ந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போனதும் சாவியைத் தம்பியிடம் கொடுத்தார். தம்பி என்றால் சித்தப்பா மகன். நாற்பது வயது.

சாவி கைக்கு வந்ததும் தம்பி முதலில் செய்த காரியம், வண்டியைத் தூக்க முடிவு செய்தது.

'தூக்குவது' என்றால் விற்பது இல்லை. தரைக்கும் வண்டிக்கும் நடுவில் உள்ள உயரத்தைக் கூட்டுவது. 'லிஃப்ட் கிட்' என்று சொல்கிறார்கள். போனில் ஒரு வீடியோ காட்டினான். ஆஸ்திரேலியாவோ அமெரிக்காவோ, ஒரு செம்மண் காடு. அங்கே ஒரு வண்டி ஒட்டகம் மாதிரி நிற்கிறது. டயர் ஒவ்வொன்றும் நம்ம ஊர் உரலைவிடப் பெரிது. பாறை மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, மற்ற மூன்று காலால் யோசிக்கிறது.

"அண்ணே, நாலு இன்ச் தூக்குறோம். முப்பத்திமூணு இன்ச் டயரு. அப்புறம் பாருங்க, எவனும் கிட்ட வர முடியாது."

இது வெறும் பந்தா இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தம்பி வண்டன்மேட்டுப் பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ ஏழாயிரம் ரூபாய் வரைக்கும் போனதல்லவா, அந்தச் செய்தியைக் கேட்டுக் கிறங்கியவர்களில் அவனும் ஒருத்தன். அடுத்த ரெண்டு மூன்று வருஷத்திலேயே விலை ஆயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது, அது வேறு கதை. தோட்டத்துக்கு வழி, தார் ரோட்டைவிட்டு உள்ளே ஒரு பாறைத் தடம். ஒரு கிடங்கு தாண்டினால் ஒரு கல் வரும். அங்கே வண்டியின் வயிற்றில் 'டங்' என்று ஓர் இடி. உள்ளே உட்கார்ந்திருக்கிற ஒன்பது பொம்பளைகளும் ஒரே குரலில் "யாத்தே" என்பார்கள். அந்த ஒன்பதில் என் சித்தியும் உண்டு. அறுபதைத் தாண்டியும் காய் எடுப்பதை விடவில்லை. "வீட்ல உக்காந்தா இடுப்பு புடிச்சுக்கிரும்ப்பா" என்பது அவர் வைத்தியம்.

ஜீப்பும் இந்த மலையும் சேர்ந்தது ஒரு விசித்திரமான உறவு. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸும் ஃபோர்டும் ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப்புகளைச் செய்து தள்ளின. பம்பாயில் 1945-ல் 'மகிந்திரா அண்டு முகமது' என்று தொடங்கிய கம்பெனி, சுதந்திரம் கிடைத்த சமயத்தில் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்க ஆரம்பித்தது. பங்குதாரர்களில் ஒருவர் பாகிஸ்தானுக்குப் போய்விட, 1948-ல் பெயர் 'மகிந்திரா அண்டு மகிந்திரா' ஆனது. சண்டைக்குச் செய்த வண்டி இங்கே காய் எடுக்கிற பெண்களைச் சுமக்க வந்துவிட்டது.

ஜீப்புக்கு முன்னால் இந்த மலையில் என்ன இருந்தது என்று கேட்டால், கால்தான். பிறகு கழுதையும் கோவேறு கழுதையும். குரங்கணிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் கம்பி வடத்தில் தொட்டி கட்டி, டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலையைக் கீழே இறக்கினார்கள். மேலே குண்டளைப் பள்ளத்தாக்கில் குட்டி ரயிலே ஓடியிருக்கிறது. 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. கொழுக்குமலை இன்னொரு வேடிக்கை. தேனி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம், ஆனால் வண்டியில் போகக் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் வழி. சொந்த வீட்டு மாடிக்குப் பக்கத்து வீட்டுப் படியில் ஏறுகிற கதை. அந்தப் படியில் ஏறவும் ஜீப்தான் வேண்டும்.

சரி, தம்பியின் நாலு இன்ச்சுக்கு வருவோம்.

அவனோடு நானும் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நாங்கள் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டே ஒரு போல்ட்டை டீசலில் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்துவிட்டு, "வண்டில எது கல்லுல இடிக்குது?" என்றார்.

"அடில, நடுவுல ஒரு உருண்டை இருக்குல்ல..."

"டிஃபரன்ஷியலு. அது எதோட ஒட்டியிருக்கு?"

"ஆக்ஸில்ல."

"ஆக்ஸிலு எதுமேல நிக்கிது?"

"சக்கரத்துமேல."

"அப்ப நீ பாடியை நாலு இன்ச்சு தூக்கு, நாப்பது இன்ச்சு தூக்கு. உருண்டை இருக்கிற எடத்துலதான் இருக்கும்."

எனக்கே அப்போதுதான் உறைத்தது. பிளேட்டுக்கு மேலே உள்ளதைத்தான் லிஃப்ட் உயர்த்தும். ஆக்ஸிலை உயர்த்த டயர் ஒன்றால்தான் முடியும். அதிலும் பாதிதான் கணக்கு. பழைய 6.00-16 டயர் தரையிலிருந்து உச்சி வரைக்கும் ஏறக்குறைய 29 இன்ச். அதை எடுத்துவிட்டு 31 இன்ச் டயர் போட்டால் ஆக்ஸில் உயர்வது ரெண்டு இன்ச் இல்லை, ஒரு இன்ச். மீதி ஒரு இன்ச் ஆக்ஸிலுக்கு மேல்பக்கம் போய்விடும். அந்த ஒரு இன்ச்சுக்கு ரிம்மும் டயருமாகச் செலவு லட்சத்தை நெருங்கும் என்றார் பட்டறைக்காரர். தம்பி தன் போனை மெல்லச் சட்டைப் பையில் வைத்தான்.

அப்படியானால் உலகமெல்லாம் எதற்கு வண்டியைத் தூக்குகிறார்கள்? பெரிய டயர் சுற்றவும், மேடு பள்ளத்தில் பிளேட் அமுங்கும்போது டயர் பாடியில் உரசாமல் இருக்கவும் இடம் வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் வண்டியின் மூக்கும் வாலும் தரையில் இடிக்காமல் இருக்க வேண்டும். அதற்குத்தான். பழைய ஜீப்பில் ஆக்ஸிலுக்கு அடியில் பிளேட் இருக்கும். அதைத் தலைகீழாக்கி, பிளேட்டை ஆக்ஸில் மேல் உட்காரவைத்தால் ஒரே நாளில் நாலைந்து இன்ச் ஏறிவிடும். நம் ஊர்களிலும் செய்கிறார்கள். ஆனால் அதோடு நிற்காது. ஷாக் அப்சார்பர் எட்டாது. பிரேக் ஹோஸ் விறைத்துக்கொண்டு நிற்கும். கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகிற புரொபெல்லர் ஷாஃப்ட் சாய்வு கூடி, ஜாயின்ட் சீக்கிரம் தேயும். முன் சக்கரத்தின் கோணம் மாறி ஸ்டியரிங் அலையும். டயரும் பெரிதானால் மீட்டரும் பொய் சொல்லும். 29-க்குப் பதில் 31 என்றால், முள் நாற்பது காட்டும்போது வண்டி நாற்பத்து மூன்றில் போய்க்கொண்டிருக்கும். கனத்த சக்கரத்தை நிறுத்த பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள் உள்ள இறக்கத்தில் இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

சித்தப்பா பட்டறைக்கு வரவில்லை. வீட்டில் கேட்டபோது ஒரே வாக்கியம்தான் சொன்னார்: "ஒசந்த வண்டி சாயும்டா." மேலே ஒன்பது பேர், கேரியரில் ரெண்டு மூட்டை, வளைவு. பௌதிகப் புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்வதை அந்த மூன்று வார்த்தையில் முடித்துவிட்டார். இந்த மலைப் பாதைகளில் தோட்ட ஜீப்புகள் கவிழ்ந்த செய்தி பேப்பரில் வராத வருஷம் குறைவு. ஒவ்வொரு தடவையும் 'அளவுக்கு அதிகமாக ஆட்களை ஏற்றியதே காரணம்' என்று எழுதுவார்கள். அளவோடு ஏற்றினால் ஒரு தலைக்கு எவ்வளவு ஜீப் வாடகை ஆகும், அது அன்றைய கூலியில் எவ்வளவைத் தின்னும் என்று யாரும் எழுதுவதில்லை. அதிக ஆட்களை ஏற்றுவது சரி என்று நான் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் என் சித்தியும் இருக்கிறார். ஆனால் அந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்காமல் டிரைவரை மட்டும் திட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சட்டமும் ஒன்று உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இதை அழுத்தமாகச் சொன்னது. அந்த வழக்கே கேரளாவிலிருந்து போனதுதான். அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ரெண்டும். தினம் காலையும் மாலையும் மாநில எல்லையைத் தாண்டுகிற வண்டிக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. செக்போஸ்ட்டில் நிற்கிறவருக்கு ஒட்டகம் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

தம்பி முகம் வாடிப்போய் நின்றான். பட்டறைக்காரர் வண்டிக்குக் கீழே போய்ப் படுத்தார். டேப்பை வைத்து அளந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கீழிருந்து குரல் மட்டும் வந்தது.

"தம்பி, உன் வண்டி ஏற்கெனவே ரெண்டு இன்ச்சு எறங்கியிருக்கு."

அதுதான் விஷயம். கட்டுக்கட்டாக இருக்கிற அந்த இரும்புப் பட்டைகளை கம்பெனி வில் மாதிரி வளைத்துத்தான் அனுப்புகிறது. வருஷக்கணக்காகப் பாரம் ஏறி ஏறி, வளைவு செத்து, பிளேட் தட்டையாகிவிட்டது. பின்பக்கம் ரெண்டு பிளேட்டில் விரிசல். ஷாக்கிள் புஷ் இருந்த இடத்தில் கொஞ்சம் ரப்பர் துகள் மட்டும் மிச்சம். டிரைவர் பக்கம் இன்னும் அரை இன்ச் கூடுதலாகத் தாழ்ந்திருந்தது.

"அந்தப் பக்கம் உக்காந்திருந்த ஆளு யாரு?" என்று கேட்டார் பட்டறைக்காரர்.

தம்பி பதில் சொல்லவில்லை. சித்தப்பா நல்ல பாரியான ஆள்.

எனக்கு அந்த இறங்கிப்போன ரெண்டு இன்ச்சைப் பற்றித்தான் யோசனை ஓடியது. எத்தனை பேரின் எடை அது. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு தகராறு வந்து மலைப்பாதைகள் எல்லாம் அடைபட்டபோதும், 2020-ல் கொரோனாவுக்கு எல்லையை மூடியபோதும், இந்த ஜீப் வீட்டுக்கு முன்னால் சும்மா நின்றது. அந்த நாட்களைத் தவிர, பிளேட்டுக்கு ஓய்வே கிடையாது. அந்தப் பெண்களில் சிலர் கல்யாணத்துக்கு முன்னால் இதே வண்டியில் ஏறியவர்கள். இப்போது மருமகளோடு ஏறுகிறார்கள். அவர்கள் வீட்டு நகையும், பிள்ளைகள் படித்த பாலிடெக்னிக் ஃபீஸும் இந்தப் பட்டை மேல்தான் உட்கார்ந்து போய்வந்திருக்கின்றன.

மறுநாள் பிளேட் செட்டைக் கழற்றினார்கள். யூ போல்ட் எதுவும் அசையவில்லை. ஒன்றைக் கேஸ் வைத்து அறுத்துத்தான் எடுத்தார்கள். சென்டர் போல்ட்டைத் தட்டியதும் பட்டைகள் தனித்தனியாகப் பிரிந்து விழுந்தன. நடுவில் துரு பொடிப் பொடியாகக் கொட்டியது. பிளேட் அடிப்பவர் சிமென்ட் தரையில் சாக்பீஸால் ஒரு வளைவு வரைந்தார். இவ்வளவு வளைய வேண்டும் என்பதற்கு அதுதான் அளவு. ஒவ்வொரு பட்டையையும் பட்டடையில் வைத்துச் சுத்தியலால் அடிப்பார், தரையில் வைத்துக் கோட்டோடு பொருத்திப் பார்ப்பார், மறுபடி அடிப்பார். ஒரு பட்டைக்கு எத்தனை அடி என்று எண்ண ஆரம்பித்து நூறோடு விட்டுவிட்டேன். மெயின் பிளேட்டும் விரிசல் விட்ட ரெண்டும் புதிது. மற்றதெல்லாம் பழையதே. புது புஷ், புது ஷாக்கிள் பின், நாலு ஷாக் அப்சார்பர். பூட்டி இறக்கியதும் ஜீப் நிமிர்ந்து நின்றது. அளந்தால் ரெண்டு இன்ச்சுக்கு ஒரு நூல் குறைவு. கம்பெனி உயரம். எந்த ஆபீசரும் கேட்க முடியாது.

டயருக்கு ஒரு பஞ்சாயத்து நடந்தது. தம்பிக்கு நல்ல முரட்டுப் பட்டன் டயர் வேண்டும். பட்டறைக்காரர் கேட்டார்: "சேத்துல எவ்வளவு தூரம் ஓட்டுவ, தாருல எவ்வளவு தூரம் ஓட்டுவ?" சேறு மூன்று கிலோமீட்டர், தார் அதைப்போலப் பல மடங்கு. பெரிய பட்டனுக்கு நடுவில் உள்ள அகலமான பள்ளம் சேற்றைக் கவ்வும், சுற்றும்போது உதறியும் விடும். ஆனால் மழை பெய்த தார் ரோட்டில் தரையைத் தொடுகிற ரப்பர் குறைவு என்பதால் பிடிப்பும் குறைவு. சாயங்காலம் மெட்டில் மூடுபனியும் தூறலுமாக இறங்கும்போது நமக்கு வேண்டியது தார்ப் பிடிப்பு. கடைசியில் பழைய அளவிலேயே, ரொம்ப முரடும் இல்லாமல் வழவழப்பும் இல்லாமல் நடுத்தரமாக ஒன்று. பாறைத் தடத்தில் ஏறுமுன் காற்றைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளச் சொன்னார். டயர் அகலமாக உட்கார்ந்து கல்லை அணைத்துக்கொண்டு போகும். தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப அடித்துவிட வேண்டும். மறந்தால் வளைவில் வண்டி மிதக்கும். ஒரு கால் பம்பு வண்டியிலேயே இருக்கட்டும் என்றார்.

இத்தனை செய்தும் அந்த உருண்டை அதே உயரத்தில்தான் இருந்தது. ஒரு இன்ச்கூட ஏறவில்லை. அந்தக் கல்லும் அங்கேயேதான் இருந்தது. ராத்திரி சாப்பிடும்போது இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். 31 இன்ச் போட்டால் ஒரு இன்ச், 33 போட்டால் ரெண்டு இன்ச் என்று தம்பி தட்டில் விரலால் கணக்குப் போட்டான். மோர் ஊற்றிக்கொண்டிருந்த சித்தி நிமிர்ந்து பார்த்தார்.

"ஏண்டா, வண்டியத்தான் தூக்கணுமா? அந்தக் கல்லத் தூக்கிப்போட முடியாதா?"

யாரும் பேசவில்லை. சித்தப்பா மட்டும் சத்தமாக ஏப்பம் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ரெண்டு கடப்பாரை, ஒரு சம்மட்டியோடு தம்பியும் நானும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருத்தரும் போனோம். கல் நாங்கள் நினைத்ததைவிடப் பெரிது. முக்கால்வாசி மண்ணுக்குள் இருந்தது. முழுசாகப் பெயர்க்க முடியவில்லை. மேல்முனையை உடைத்து, அந்தச் சில்லையே சக்கரத் தடத்துக் கிடங்கில் போட்டு நிரப்பினோம். கீழே நிரவினால் சக்கரம் உயர்கிறது, சக்கரத்தோடு ஆக்ஸிலும் உயர்கிறது. பட்டறைக்காரர் சொன்ன அதே சூத்திரம்தான். எனக்கு உள்ளங்கையில் மூன்று கொப்புளம். தம்பி அந்தத் தடத்தில் ஜீப்பை நாலு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தான். 'டங்' கேட்கவில்லை. அடுத்த மழைக்கு அந்தச் சில்லு எவ்வளவு மிஞ்சும் என்று தெரியாது, மறுபடியும் கொட்ட வேண்டியிருக்கும் என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர்.

வண்டி நிமிர்ந்ததில் ஒரு சிக்கல் புதிதாக வந்தது. பின்னால் ஏறுகிற படி ரெண்டு இன்ச் மேலே போய்விட்டது. திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாகக் காலைத் தூக்கிய சித்தி பாதியில் இறக்கிக்கொண்டார். முட்டி மடங்கவில்லை. பின்னால் நின்ற பெண்கள் கையைக் கொடுத்து இழுத்து, ஒருத்தி இடுப்பில் தள்ளி, ஒரே சிரிப்பாணி. அன்றைக்குச் சாயங்காலமே தம்பி பட்டறைக்குப் போய், பழைய படிக்குக் கீழே ஓர் இரும்புப் படியைப் போல்ட் போட்டு மாட்டிக்கொண்டு வந்தான். தோட்டத்துப் பாதையில் இடிக்காமல் மடித்துக்கொள்ள ஒரு கீலும் வைத்திருந்தார்கள். செலவு முந்நூற்றைம்பது ரூபாய். மொத்த வேலையில் அந்தப் பெண்கள் பாராட்டியது அது ஒன்றைத்தான்.

ஒரு வாரம் கழித்துப் போன் பண்ணினேன். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, தம்பி போனைச் சித்தியிடம் கொடுத்துவிட்டான்.

"என்னத்தச் சொல்ல... முன்னாடியெல்லாம் மெத்தை மாதிரி போகும்ப்பா. இப்ப ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூக்கித் தூக்கிப் போடுது. தலை கம்பில இடிக்குது. அந்தப் பட்டறைக்காரர்கிட்டக் கேட்டா, 'போகப் போக அமுங்கிரும்மா, நீங்கதான் உக்காந்து அமுக்கணும்'ங்கிறாரு."

பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. கியர் மாறுகிற சத்தமும்.